கொடைக்கானல்: வழித்தொலைவும் பிரயாண காலமும்

பழனி மலைத்தொடரின் தென் விளிம்பில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள கொடைக்கானலுக்கும் சென்னைக்கும் இடையே ஆகாய மார்க்கமாக அளந்தால் தொலைவு சுமார் 420 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரை விமான நிலையத்திற்குள்ள தொலைவும் ஏறக்குறைய அதுவே. எனினும், ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட காலத்தில் மதுரையில் வந்திறங்கும் பிரயாணி, எஞ்சிய 120 கிலோமீட்டரைச் சாலைவழியே கடப்பதற்கு மூன்று மணி நேரத்திற்கு மேலும் செலவிட நேர்கிறது. சமவெளியின் தூரத்தைச் சுருக்கிய யந்திரங்கள் மலையின் தூரத்தை அவ்வளவு எளிதில் வென்றுவிடவில்லை.

1821-இல் லெப்டினன்ட் வார்டு இம்மலைகளை அளவை செய்தார். சிறுமலையில் ஆரோக்கியம் நாடிச் சென்று அங்கும் காய்ச்சலால் பீடிக்கப்பட்ட மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார், 1845-இல் இங்கே ஸன்னிஸைடு, ஷெல்டன் என்னும் இரு பங்களாக்களைக் கட்டுவித்தபின், ஆண்டுதோறும் கோடையில் மலையேறும் வழக்கம் உண்டாயிற்று.

1875-இல் தென்னிந்திய ரெயில்வே திருச்சிராப்பள்ளிக்கும் மதுரைக்கும் இடையே இருப்புப்பாதை திறந்ததும், பிற்காலத்தில் கொடைக்கானல் ரோடு எனப் பெயர் மாறிய அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனே மலைக்கு வாயிலாயிற்று. அங்கிருந்து மலையடிவாரத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்புவரை சுமார் 33 மைல் மாட்டுவண்டிப் பிரயாணம். வெயிலுக்கு அஞ்சி இரவெல்லாம் வண்டியில் குலுங்கி வந்தவர்கள், தோப்பிலிருந்து சுமார் 12 மைல் நீண்ட செங்குத்தான பாதையில், மட்டக்குதிரை மீதோ, டோலியிலோ, கால்நடையாகவோ ஏறினர். பெட்டி படுக்கைகளும் பாத்திரங்களும் கூலியாட்களின் தலைமீது முன்னே சென்றன. பங்களாக்களின் பெயர்களை அக்கறையோடு பேணிய ஏடுகள் டோலி சுமந்தோரின் பெயர்களைக் குறிக்க மறந்துவிட்டன.

மேஜர் லா என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தடம் வகுத்த மலைச்சாலை, அடுத்த நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில்தான் முற்றுப்பெற்று, அவர் பெயராலேயே லாஸ் காட் எனப்படலாயிற்று. வத்தலக்குண்டைக் கடந்து காட்ரோட்டில் ஏறத் தொடங்கும் பஸ், டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை எனக் கொண்டையூசி வளைவுகளில் திரும்பித் திரும்பி 1,800 மீட்டர் உயர்வதற்குள், எலுமிச்சம்பழத்தை முகர்ந்தவண்ணம் ஜன்னலோரம் சாய்ந்து கிடப்போர் பலர். மே மாதத்திலோ வெள்ளி நீர்வீழ்ச்சியருகே வாகனங்கள் மணிக்கணக்கில் தேங்கின. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியிலிருந்து வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று.

கால கதியில் நீண்டுபோன தூரமும் ஒன்றுண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியப் படையெடுப்பு நேருமோ என்ற அச்சத்தால் செப்பனிடப்பட்டு, பேரிஜம் ஏரி வழியாக மலைமுகட்டிலேயே மூணாறு சென்ற சாலை 1990-இல் மூடப்பட்டது. இப்போது மூணாறு செல்வோர் வத்தலக்குண்டுக்கு இறங்கி, தேனி, போடி வழியே மீண்டும் மலையேறி, பழைய தூரத்தைப்போல ஏறத்தாழ இருமடங்கு பிரயாணம் செய்கின்றனர்.