இரதமும் கோச்சியும்

டிக்கோயாவிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் ஒருவர் அட்டன் வரை பஸ்ஸிற் சென்று, அங்கே 'கோச்சி' ஏறுவார். அரசாங்கத் தாள்களில் அதே வண்டியின் பெயர் 'புகையிரதம்'. தமிழக நூல்களிலோ அது 'தொடர்வண்டி'. ஒரே வண்டிக்கு மூன்று பெயர்கள் வந்த வரலாறு நாம் அறியத்தக்கதாகும்.

இலங்கையில் முதலாவது புகைவண்டி 1864ஆம் ஆண்டு கொழும்பிலிருந்து அம்பேபுச வரை ஓடியது. இருப்புப்பாதை 1867இல் கண்டியையும், 1884இல் அட்டனையும் எட்டியது. கோப்பி அழிந்து தேயிலை தழைத்த காலம் அது. தோட்டத்து மக்கள் புதிய வண்டிக்குப் பெயர் தேடி அகராதியைப் புரட்டினாரல்லர். 'கோச்' என்னும் ஆங்கிலச் சொல்லே நம்மவர் நாவிற் 'கோச்சி' ஆயிற்று என்பர். சிங்கள மக்களும் 'கோச்சிய' என்றே வழங்குகின்றனர். வழியோரத்து மைற்கட்டையைக் கொண்டு, மைல் தூரத்தையே 'கட்டை' என்று சொல்லும் வழக்கமும் இந்நாட்டில் எழுந்தது.

இலங்கையிற் சொல்லாக்கம் செய்த அறிஞர்கள் வேறு வழி சென்றனர். புகையுடன் ஓடும் தேர் 'புகையிரதம்' ஆயிற்று. சிங்களத்தின் 'தும்ரிய' என்பதும் இதே பொருளினதே. வண்டி ஓட்டுபவர் 'சாரதி' ஆனார். பார்த்தனுக்குத் தேரோட்டிய கண்ணபிரானை நினைவூட்டும் சொல் அது. மயிலையும் இடபத்தையும் குறித்த 'வாகனம்' மோட்டாருக்கும் பெயராயிற்று. இவ்வாறு கோவில் வீதிச் சொற்கள் தார் வீதிக்கு வந்தன. தமிழகத்தாரோ 'உந்து' என்னும் வேரிலிருந்து 'பேருந்து' கண்டனர். சாரதியை 'ஓட்டுநர்' என்றனர். இங்கே துவிச்சக்கரவண்டி எனப்பட்டதை 'மிதிவண்டி' என்றனர்.

இவற்றுட் கோச்சி என்பது படியாதவர் பேச்சு என்று எள்ளுவாரும் உளர். அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். 1964இல் ஏற்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி நம்மவருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவேண்டும் என்று முடிவாயிற்று. அவர்களை ஏற்றிக்கொண்டு மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற வண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். பிறந்த மண்ணையும் உடன்பிறந்தாரையும் பிரிந்தோர் அழுகையெல்லாம் அந்த இரண்டு சொற்களில் அடங்கிவிட்டது. 'ஒப்பாரிப் புகையிரதம்' என்று சொல்லிப் பாருங்கள், நெஞ்சு அசையாது. ஒரு சமூகத்தின் கண்ணீரைத் தாங்கிய சொல்லை அந்நியச் சொல் என்று எவ்வாறு தள்ளுவது? நமது கட்டுமரத்தை ஆங்கிலேயர் தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர். அதனால் ஆங்கிலம் தாழ்ந்துவிடவில்லை.

ஆயினும் கோச்சி ஒன்றே போதும் என்றிருத்தலும் தகாது. 1987இல், அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தினால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 'சாரதி அனுமதிப்பத்திரம்' இன்னதென்று அறியாத இளைஞன், தனக்குரிய உரிமையைத் தன் மொழியிலேயே கேட்க இயலாது நிற்பான்.

ஆதலின் இளைஞர்காள், அலுவலகத்திற் புகையிரதம் என்று பிழையற எழுதுங்கள். வீட்டுக்கு வந்து, பாட்டி கோச்சிக் கதை சொல்லும்போது அவளைத் திருத்தாதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள். இரண்டும் நம் தமிழே.