பின்வரிசை அப்பத்தா

திருமங்கலம் பக்கம் ஒரு கிராமப் பள்ளிக்குச் சிறப்பாசிரியராகப் போன முதல் நாள், மூன்றாம் வகுப்பின் கடைசி வரிசையில் ஓர் அப்பத்தா உட்கார்ந்திருந்தார். நடக்க முடியாத பேரனை இடுப்பில் தூக்கி வருவார், சிலேட்டைப் பிடித்துக்கொள்வார், ஒன்றுக்குத் தூக்கிப் போவார், மணியடித்ததும் வீட்டுக்கு. வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் கிடையாது. சம்பளமா? அதைக் கேட்காதீர்கள்.

காகிதத்தில் உதவி முன்பே இருந்தது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்காக 1974-இல் மத்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் 1982-இல் கல்வித் துறைக்கு மாறியது. எட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று கணக்கு. துணைக்கு வருபவருக்குப் படி. ஐந்தாம் வகுப்பு தாண்டிய பார்வையற்ற பிள்ளைக்கு வாசித்துக்காட்ட மாதம் 50 ரூபாய். அந்தக் காசுக்கு யார் வருவார்? நான் பார்த்தவரை அக்காமார்கள்தான். மதுரையிலோ, தாமே பார்வையிழந்தவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985-இல் இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தைத் தொடங்கி, பார்வையற்றோருக்கான தனிப்பள்ளி வழியே போனார்.

பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கம் வந்தது. வட்டார வள மையம், தொகுப்பூதியம், பேருந்து. எனக்குக் கிழமைக்கு ஒரு பள்ளி.

அந்த முதல் நாள் சாயங்காலம் அப்பத்தா கேட்டார்: “நாளைக்கும் வருவியா தாயி?”

“அடுத்த செவ்வாக்கிழமைதான் அப்பத்தா.”

பேரனை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்.