இறைப் பராமரிப்பு: கிறித்தவத்தில் கடவுளின் அன்பும் காவலும்

கடவுள் தாம் படைத்த உலகைக் கைவிடாமல் அன்போடு பேணுகிறார், தம்மை நம்புவோரை ஒரு தந்தையைப் போலக் காத்து நல்ல முடிவை நோக்கி நடத்துகிறார் என்னும் கிறித்தவ நம்பிக்கை இறைப் பராமரிப்பு எனப்படும். கத்தோலிக்கர் இப்பெயரால் வழங்குவதைச் சீர்திருத்தச் சபையார் பெரும்பாலும் தேவ பராமரிப்பு என்பர். வீட்டுப் பேச்சில் இரு தரப்பாரும் சொல்வது ‘ஆண்டவர் பாத்துக்குவாரு’ என்பதுதான். கடன், நோய், பிள்ளையின் தேர்வு, மகளின் திருமணம் என எல்லா இடங்களிலும் ஒலிக்கும் இந்தச் சொல், பாமரப் பேச்சு போலத் தோன்றினாலும் கிறித்தவ இறையியலின் நடுப்பகுதியைத் தொட்டு நிற்கிறது.

மறைநூலில்

விவிலியம் இக்கருத்தை இலக்கணமாக வரையறுப்பதில்லை. உறவுகளின் வழியே காட்டுகிறது. ஓசேயா இறைவாக்கினர் நூலின் 11-ஆம் அதிகாரத்தில் கடவுள், குழந்தைக்கு நடைபழக்கும் பெற்றோராக வருகிறார். எசாயா 49-இல் தாய், லூக்கா 15-இல் காணாமற்போன ஆட்டைத் தேடிப் போகும் மேய்ப்பர், மத்தேயு 23-இல் குஞ்சுகளைச் சிறகுக்குள் கூட்டிச் சேர்க்கத் தவிக்கும் கோழி. 23, 91, 121 ஆகிய சங்கீதங்கள் (கத்தோலிக்க வழக்கில் திருப்பாடல்கள்) காவலைப் பற்றியவை. நோயாளியின் படுக்கையருகே இன்றும் அதிகம் வாசிக்கப்படுபவை இவையே.

இயேசுவின் மலைப்பொழிவு இந்த நம்பிக்கையின் எல்லையை அகலமாக்குகிறது. மத்தேயு 5-ஆம் அதிகாரத்தின்படி வெயிலும் மழையும் நல்லவருக்கும் தீயவருக்கும் ஒன்றுபோலவே கிடைக்கின்றன. நம்புவோருக்கு மட்டும் கடவுள் அன்பை ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று படிப்பது இப்பகுதிக்கு நேர்மையான வாசிப்பு ஆகாது. நம்புகிறவருக்குக் கிடைக்கும் தனிப்பேறு, அந்த அன்பை அறிந்து அதில் சாய்ந்துகொள்ள முடிவதே.

91-ஆம் சங்கீதத்தைக் கையாள்வதில் நற்செய்தி நூல்கள் கடுமையான எச்சரிக்கை ஒன்றைத் தருகின்றன. தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள், கோயில் உச்சியிலிருந்து குதி என்று அதே சங்கீதத்தைக் காட்டி இயேசுவைத் தூண்டுவது சோதிக்கிறவன். இயேசு மறுத்துவிடுகிறார். காவலை நம்புவது வேறு, அதைச் சோதித்துப் பார்ப்பது வேறு என்னும் வேறுபாடு இந்த ஒரு காட்சியில் நிலைபெற்றுவிட்டது. மருந்தை நிறுத்திவிட்டு மன்றாட்டு மட்டும் போதும் என்று நோயாளிகளுக்குச் சொல்லும் போதகர்கள் இந்தப் பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும்.

மலையும் காவலும்

121-ஆம் சங்கீதம் மலையேறுவோர் பாடல்களுள் ஒன்று. எருசலேமுக்குத் திருப்பயணம் போனவர்கள் மலைகளை அண்ணாந்து பார்த்து, தமக்கு உதவி எங்கிருந்து வரும் என்று கேட்டு, மலையை உண்டாக்கியவரிடமிருந்தே வரும் எனத் தேறிக்கொள்ளும் பாட்டு அது. பகல் வெயில், இரவு நிலவு, வழியில் இடறும் கால் என ஒரு வழிப்போக்கனின் அச்சங்கள் அனைத்தும் அதில் உண்டு.

சேலத்துக்கு வடக்கே உள்ள சேர்வராயன் மலையில் இப்பாடலைப் படிக்கும் தமிழ்க் கிறித்தவருக்கு அது எருசலேமைப் பற்றியதாக மட்டும் இருக்க முடியாது. அம்மலையில் உள்ள ஏற்காட்டுக்கு ஏறும் கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து திரும்பும்போது வாய்க்குள் மன்றாட்டு முணுமுணுப்பவர்கள் எல்லாச் சமயத்திலும் உண்டு. மலையின் உச்சியில், கடல்மட்டத்திலிருந்து 1,623 மீட்டர் உயரத்தில், ஒரு குகைக்குள் சேர்வராயன் கோயில் இருக்கிறது. சேர்வராயனும் காவேரியம்மனும் அங்கே குடிகொண்டிருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்களிலிருந்து மலையாளிப் பழங்குடியினர் திரளுகிறார்கள். குகையின் உள்வழி காவிரி வரை போகிறது என்பது அவர்களிடையே வழங்கும் நம்பிக்கை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழிவந்தவர்கள் தாங்கள் என்றும், அவர்களுள் ஒருவர் இம்மலையிலும் மற்ற இருவர் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் குடியேறினர் என்றும் அவர்களது மரபு கூறுகிறது.

மலையாளி மக்களின் வழிபாட்டில் காவல் தெய்வத்துக்கு இடம் உண்டு, எல்லை உண்டு. தெய்வத்தின் பெயரே மலைக்கும் பெயர். கிறித்தவத்தின் கடவுளுக்கு இப்படி ஓர் எல்லை கிடையாது; எந்த மலையும் அவருக்குத் தனி உடைமை ஆகாது என்பதே 121-ஆம் சங்கீதத்தின் உட்பொருள். இரண்டும் வேறு வேறு இறையியல்கள். ஆனால் விதைக்கிற, அறுக்கிற, பிள்ளை பெறுகிற மனிதருக்குத் தம்மைவிடப் பெரிய ஒருவர் கண்விழித்துக் காக்கிறார் என்ற தேறுதல் இரண்டிலும் ஒன்றே. அந்தத் தேறுதலை மதிக்காமல் மலை மக்களிடையே சமயப் பணி செய்தவர்கள் அவர்களைப் புரிந்துகொண்டதாகச் சொல்ல முடியாது.

கோட்பாடு

இறையியலார் தாமஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டில் இறைப் பராமரிப்பை, எல்லாவற்றையும் அவற்றின் முடிவை நோக்கி ஒழுங்குபடுத்தும் இறை அறிவாக விளக்கினார். கடவுள் படைப்புகளின் வழியாகவே செயல்படுகிறார் என்பது அவருடைய முக்கியமான கருத்து. 16-ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தச் சபைத் தலைவர் கால்வின் இதற்கு அழுத்தமான இடம் கொடுத்தார். 1563-இல் வெளிவந்த ஹைடல்பர்க் வினாவிடை, மழையும் வறட்சியும் நலமும் நோயும் தற்செயலாக வருவதில்லை, தந்தையின் கையிலிருந்தே வருகின்றன என்று கற்பித்தது. 1755-இல் லிஸ்பன் நிலநடுக்கம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றபோது, அதுவும் அனைத்துப் புனிதர் திருநாளன்று மக்கள் ஆலயங்களில் கூடியிருந்தபோது நேர்ந்ததால், இக்கோட்பாடு ஐரோப்பாவில் பலமாக ஆட்டம் கண்டது.

தமிழில்

தமிழில் இந்த நம்பிக்கைக்கு மிகப் பெரிய இலக்கிய வடிவம் தந்தவர் வீரமாமுனிவர் (1680–1747). 1726-இல் முடிந்த அவருடைய தேம்பாவணிக் காவியத்தின் தலைவர் வளன் எனப்படும் புனித சூசையப்பர். இந்தத் தேர்வு ஆழ்ந்து கவனிக்கத்தக்கது. காவியத் தலைவராக முனிவர் கொண்டது அரசனையோ வீரனையோ அன்று. குழந்தையையும் தாயையும் காக்கும் பொறுப்பை ஏற்ற ஒரு தச்சரை. அரசன் ஏரோது குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடியபோது விண்ணிலிருந்து படை இறங்கவில்லை. கனவில் ஒரு செய்தி வந்தது. வளன் இரவோடு இரவாக எழுந்து இருவரையும் எகிப்துக்கு அழைத்துப் போனார். கடவுளின் காவல் ஒரு மனிதனின் கால்களால் நடந்தது. கிறித்தவ இறைப் பராமரிப்பைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாயில் இல்லை என்றே கொள்ளலாம்.

கொள்ளிடக் கரையை ஒட்டிய ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு அங்கே அடைக்கல அன்னைக்கு ஆலயம் அமைத்தவரும் வீரமாமுனிவரே. திருக்காவலூர்க் கலம்பகம் அத்தலத்தின் மீது அவர் பாடியது. அடைக்கலம் கேட்டு வந்தவரைக் கைவிடுவது பெரும்பழி என்று கருதும் தமிழ் மண்ணில், கடவுளின் அன்பைச் சொல்ல அடைக்கலத்தைவிட நெருக்கமான வழி அவருக்குக் கிடைத்திருக்காது.

சீர்திருத்தச் சபையாரின் பங்கு விவிலிய மொழிபெயர்ப்பில் பெரியது. அவர்களுள் பீட்டர் பெர்சிவல் (1803–1882) ஏற்காட்டோடு தொடர்புடையவர். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் சபை ஊழியராக இருந்த அவர், ஆறுமுக நாவலரின் துணையோடு செய்த விவிலிய மொழிபெயர்ப்பு 1850-இல் வெளிவந்தது. சைவத்தின் உறுதியான காவலர் ஒருவரின் தமிழறிவு கிறித்தவ மறைநூலுக்குப் பயன்பட்டது வரலாற்றின் அரிய நிகழ்ச்சி. பின்னர்ச் சென்னைக்கு வந்து தினவர்த்தமானி இதழை நடத்திய பெர்சிவல், மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகவும் இருந்து, ஏற்காட்டில் காலமானார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் முன்னோடியான ராபர்ட் புரூஸ் ஃபுட் அவருடைய மருமகன். ஃபுட்டும் ஏற்காட்டில் வாழ்ந்தவரே.

வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, ஆங்கில எழுத்தாளர் பனியனின் திருப்பயணக் கதையைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் எழுதினார். வழிப்போக்கனை விடாமல் காக்கும் அருளைப் பாடும்போது அவரிடம் கம்பனின் நடை மட்டுமன்றிச் சரணாகதியின் உருக்கமும் கூடவே வருகிறது. கோயம்புத்தூர்த் திருமண்டலத்தின் பேராயராக 1950 முதல் 1959 வரை இருந்த ஏ. ஜே. அப்பாசாமி, யோவான் நற்செய்தியைப் பக்தி மார்க்கமாக விளக்கி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். ஆழ்வார்களையும் நாயன்மார்களையும் அறிந்த மண்ணில் கடவுளின் அன்பை அயல் சரக்காகக் கொண்டுவந்து இறக்க வேண்டியதில்லை என்பது அவருடைய நிலைப்பாடு.

வீட்டு வழக்கங்கள்

கத்தோலிக்க இல்லங்களில் நடுக்கூடத்துச் சுவரில் திரு இருதய ஆண்டவர் படம் இருக்கும். பிரான்சின் பாரே-லெ-மோனியாலில் 17-ஆம் நூற்றாண்டில் துறவி மார்கரீத் மரியாள் பெற்ற காட்சிகளால் பரவிய இப்பக்தி, 1856-இல் ஒன்பதாம் பத்திநாதரால் உலகத் திருச்சபை முழுவதற்கும் திருநாளாக விரிவுபடுத்தப்பட்டது. ஜூன் மாதம் இதற்கு உரியது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் திருப்பலி காண்பது இன்றும் பலருடைய கடமை. புது வீடு கட்டினால் குருவானவர் வந்து மந்திரித்து, குடும்பத்தைத் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுப்பார். 2024 அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ் இப்பக்தி குறித்துச் சுற்றுமடல் வெளியிட்டார்.

தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.), லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் படத்தின் இடத்தை வசனம் பிடித்துக்கொள்கிறது. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் புத்தாண்டுக்கான வாக்குத்தத்த வசனத்தை அட்டையில் வாங்கிக்கொண்டு போய்ச் சுவரில் மாட்டுவார்கள். இதுவரை கடவுள் உதவினார் என்னும் நன்றியில் வீட்டுக்கு எபிநேசர் எனப் பெயரிடுவது திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சாதாரணம்.

காக்கப்படாதவர்கள்

எகிப்துக்குத் தப்பிய குழந்தையின் கதையைச் சொல்லும் அதே மத்தேயு 2-ஆம் அதிகாரம், பெத்லகேமில் கொல்லப்பட்ட மற்றக் குழந்தைகளையும் அவர்களுடைய தாய்மாரின் அழுகையையும் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது. இறைப் பராமரிப்பின் மிகக் கடினமான கேள்வி இதுதான்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்ற நூற்றுக்கணக்கான திருப்பயணிகளைக் கடல் கொண்டுபோனது. பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை. அன்னை தன் ஆலயத்தைக் காத்தாள் என்று பலர் நெகிழ்ந்தார்கள். அந்த நெகிழ்ச்சி உண்மையானது. ஆனால் கரையில் இறந்தவர்களும் அதே அன்னையைத் தேடி வந்த பிள்ளைகள்தாம். தப்பியவரைக் கடவுள் நேசித்தார் என்றால் மாண்டவரை நேசிக்கவில்லை என்று பொருள்படும்படி பேசும் எந்தப் பிரசங்கமும் இறந்தவர்களின் வீட்டாருக்குச் செய்யும் கொடுமை.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று இலங்கையில் ஆலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி முடித்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள் பலர் மாண்டனர். குண்டோடு வந்தவனை உள்ளே விடாமல் வாசலில் மறித்த சபை உறுப்பினர் ஒருவர் அங்கேயே உயிர்விட்டார். உள்ளே இருந்த ஏராளமானோர் அவரால் பிழைத்தனர்.

கிறித்தவம் இக்கேள்விக்குக் கணக்குத் தீர்க்கும் பதில் வைத்திருக்கவில்லை. தானியேல் நூலின் 3-ஆம் அதிகாரத்தில் மூன்று இளைஞர்கள், கடவுள் தங்களைத் தீச்சூளையிலிருந்து விடுவிக்காமற்போனாலும் சிலையை வணங்க மாட்டோம் என்கிறார்கள். கெத்சமனியில் இயேசுவின் மன்றாட்டுக்கு அவர் கேட்டபடி விடை கிடைக்கவில்லை; சிலுவையில் அவர் கைவிடப்பட்டவராகக் கதறினார். உரோமையர் 8-ஆம் அதிகாரத்தில் பவுல் துன்பம் வராது என்று எங்கும் சொல்வதில்லை. துன்பத்தையும் பசியையும் வாளையும் பெயர்சொல்லி அடுக்கி, இவற்றுள் எதுவும் கடவுளின் அன்பிலிருந்து நம்மைப் பிரிக்காது என்கிறார். துன்பம் விலகும் என்பதைவிடத் துன்பத்தில் துணை விலகாது என்பதே மறைநூல் உறுதியாகத் தரும் வாக்கு.

கைகள்

அப்படியானால் அந்தத் துணையை மனிதர் எங்கே காண்கிறார்கள்? தமிழ்நாட்டின் அனுபவம் தெளிவாகவே சொல்கிறது: பெரும்பாலும் வேறு மனிதரின் கைகளில். மறைப்பணியாளர் எமி கார்மைக்கேல் 1901-இல் தோனாவூரில் சிறுமிகளுக்கு அடைக்கலம் கொடுக்கத் தொடங்கினார். 1931-இல் தவறி விழுந்து, 1951-இல் இறக்கும்வரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் படுக்கையறையிலேயே கழித்தார்; அப்போதும் இல்லத்தின் பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தார். மருத்துவர் ஐடா ஸ்கடர் வேலூரில் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணி இன்று கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவமனையாக நிற்கிறது.

சேர்வராயன் மலையில் இந்தப் பராமரிப்பு பள்ளிக்கூடமாக வடிவெடுத்தது. ஆன் மேரி ஜாவூஹே 1807-இல் பிரான்சில் நிறுவிய குளூனி புனித சூசையப்பர் சபைச் சகோதரிகள் 1827-இல் புதுச்சேரிக்கு வந்தவர்கள். அவர்கள் 1894-இல் ஏற்காட்டில் திரு இருதயப் பள்ளியைத் தொடங்கினர். பெத்லகேமிலிருந்து இரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்த அதே சூசையப்பரின் பெயரைத் தாங்கிய சபை இது. 1917-இல் புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் மான்ஃபோர்ட் பள்ளியை நிறுவினர். தொடக்கத்தில் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பிள்ளைகளுக்காக எழுந்த நிறுவனங்களின் கதவுகள் பின்னர் எல்லாருக்கும் திறந்தன. மலையில் பிறந்த பழங்குடிப் பிள்ளைகளுக்கு அவை இன்னும் அகலமாகத் திறக்க வேண்டும். இரண்டு பள்ளிகளும் இன்றும் ஏற்காட்டில் இயங்குகின்றன.