டெரஸ் என்றால் மொட்டைமாடி மட்டுமா?



கடந்த வாரம் சரவணையில் தரம் 8 பிள்ளைகளின் ஆங்கிலப் பாடத்தில் 'டெரஸ்' என்ற சொல் வந்தது. கரும்பலகையில் 'மொட்டைமாடி' என்று எழுதினோம். ஒரு பிள்ளை எழும்பி, "சேர், நுவரெலியாப் படத்துக்குக் கீழ மலையில வெட்டின படியளுக்கும் டெரஸ் எண்டுதானே போட்டிருக்கு? அது எப்பிடி மாடியாகும்?" என்று கேட்டது. உடனே மறுமொழி வரவில்லை. "நாளைக்குச் சொல்றம்" என்று தப்பிவிட்டோம்.

உண்மையில் அந்தப் பிள்ளைதான் சரி. இலத்தீனில் 'டெர்ரா' என்றால் மண். அதிலிருந்து பிரெஞ்சுக்குப் போய், 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. மண்ணைக் குவித்து மேலே மட்டமாக்கிய மேடைதான் முதல் டெரஸ். மலைச்சரிவின் படி அதற்கு நேர் வாரிசு. மேலே ஏறி நிற்கக்கூடிய மட்டமான கூரைக்கு அந்தப் பெயர் பிறகுதான் ஒட்டியது. 18ஆம் நூற்றாண்டு இலண்டனில் உயர்த்திய மேடைகளில் வரிசையாக வீடு கட்டினார்கள். 1768இல் அடம் சகோதரர்கள் தேம்ஸ் கரையில் தொடங்கிய அடெல்பி அதில் பேர்போனது. பிறகு மேடை இல்லாத வீட்டு வரிசையும் டெரஸ் ஆயிற்று. கொழும்பில் சில வீதிகளின் பெயர் டெரஸ் என்று முடிவது அந்த வழியில்தான்.

தமிழ் வேறு விதமாகப் பார்த்தது. சிலப்பதிகாரத்தில் 'வேயா மாடம்' என்று வருகிறது. வேய்தல் என்றால் கூரை போடுதல். ஆகவே கூரை வேயாத மாடம். உரைகாரர் அதை நிலாமுற்றம் என்பார். ஆங்கிலேயன் காலடி மண்ணைப் பார்த்துப் பெயர் வைத்தான், நம்மவர் தலைக்கு மேல் எது இல்லை என்று பார்த்து வைத்தார்கள். மொட்டைமாடியும் அதே கணக்குத்தானே! நிலாமுற்றம் என்ற பெயர் நமக்குக் கூடுதலாகப் பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. பள்ளிவாசல் மாடியில் ஏறி நின்று பிறை பார்த்த பிள்ளைகள் நாம்.

ஆனால் தீவகத்தில் மாடி எங்கே இருந்தது? ஓலையால் வேய்ந்த வீடு, வசதி வந்தால் ஓட்டு வீடு. பழைய பொருளில் நம் வீட்டு டெரஸ் என்றால் அது திண்ணைதான். மண்ணை அணைத்து உயர்த்தி, சாணத்தால் மெழுகி, வருகிறவர் போகிறவர் இருந்து எழும்ப விட்ட இடம். பக்கத்திலே குந்து. விறாந்தை போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். திண்ணையும் குந்தும் நம்முடையவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் வீடுவாசல் இல்லாத தோழர்கள் தங்கிக் கல்வி கற்ற நிழலிடத்துக்கு 'ஸுஃப்பா' என்று பெயர். அவர்களைத் தமிழில் திண்ணைத் தோழர்கள் என்கிறோம். அந்த ஸுஃப்பாதான் துருக்கி வழியாக ஐரோப்பா போய் 'சோபா' ஆகி, இன்று கடன் கட்டி வாங்கும் தளபாடமாகத் திரும்பி வந்திருக்கிறது. நம்மூர்த் திண்ணைப் பள்ளிக்கூடங்களை நினைத்தால் இந்த மொழிபெயர்ப்பு எவ்வளவு பொருத்தம்!

1990 ஆகஸ்ட்டில் தீவக மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டோம். பல ஆண்டு கழித்துத் திரும்பிய இரு பகுதியினரும் கண்டது ஒரே காட்சிதான்: ஓடு இல்லை, வளை இல்லை, கதவு இல்லை. எல்லாமே வேயா மாடங்கள். பாடசாலைக்குப் போகிற வழியில் இன்றைக்கும் அப்படிச் சில சுவர்கள் நிற்கின்றன, உள்ளே மரம் வளர்ந்து.

மறுநாள் வகுப்பில் இவ்வளவையும் சொல்லி முடித்தபோது, கேள்வி கேட்ட அதே பிள்ளை சொன்னது: "சேர், எங்கட அம்மம்மான்ர பழைய வீட்டில திண்ணை மட்டுந்தான் மிச்சம். மழை பெய்ஞ்சா அதுவும் கரையுது."

ஊர்ப் பெரியவர்களே, உங்கள் பழைய வீடுகளில் திண்ணை, குந்து தவிர வேறு என்ன பெயர்கள் புழங்கின என்று கீழே எழுதுங்கள். பிள்ளைகளின் கொப்பியில் ஏற்ற வேண்டும்.