தாள் நாணயமும் கைத்தொலைபேசிப் பணமும்: ஒரு வரலாற்று நோக்கு

சிறிய தீவொன்றில் நிதித் தொழில்நுட்பத்தை வளர்ப்பது பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கருவியையே முதன்மைப்படுத்துகின்றனர். ஆயினும், எக்கருவியின் நிலைபேற்றையும் நிர்ணயிப்பவை இரு வினாக்களே: அதன் பெறுமதிக்குப் பொறுப்பாளி யார்? அதன் பயன் யாரைச் சென்றடைகின்றது? இலங்கையின் நிதி வரலாறு இதனைத் தெளிவுறுத்தும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தீவு கண்ட புதிய நிதிக்கருவி, தனியார் வங்கிகள் வெளியிட்ட தாள் நாணயமாகும். 1869இல் தென்பட்ட இலைநோய் காலப்போக்கில் கோப்பிச் செய்கையை அழித்தது. தோட்டங்களுக்குப் பெருங்கடன் வழங்கியிருந்த ஓரியன்டல் வங்கி, 1884 மே மாதத்திற் கொடுப்பனவை நிறுத்தியது. அதன் தாள்களை வைத்திருந்தோர் கலங்கினர். தேசாதிபதி ஆதர் கோடன் அத்தாள்களுக்கு அரசின் உத்தரவாதத்தை அளித்துப் பீதியைத் தணித்தார். அவ்வாண்டின் 32ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், தாள் வெளியிடும் உரிமையை அரசுக்கே உரியதாக்கியது. அன்றுதொட்டு தாள்களுக்கு ஈடாக இருப்பு வைக்கப்பட்டது. முதல் வினாவுக்கு இவ்வாறு விடை கிடைத்தது.

இரண்டாம் வினாவோ எஞ்சி நின்றது. பிரித்தானிய வங்கிகள் பெருந்தோட்டங்களுக்கும் ஏற்றுமதி இறக்குமதி வாணிபத்திற்கும் கடன் வழங்கின. சுதேச வணிகர் அவ்வங்கிகளை நேரே அணுகுதல் அரிதாகவே இருந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் வங்கிகளிடம் கடன் பெற்று, அதனைக் கூடிய வட்டிக்கு அவர்களுக்கு வழங்கினர். 1925இற் செட்டிமார் நிறுவனமொன்று முறிவுற, வங்கிகள் இக்கடன்களைச் சுருக்கின; அதன் சுமை சிறு வணிகர் மீதே விழுந்தது. 1934இல் சேர் சொராப்ஜி பொச்கானவாலா தலைமையிலான வங்கி ஆணைக்குழு இக்குறையை ஆராய்ந்து, அரச உதவியுடனான வங்கியொன்றை விதந்துரைத்தது. அதன் பேறாக 1939இல் இலங்கை வங்கி தோன்றியது. 1950இல் மத்திய வங்கி நிறுவப்பட்டது.

2012இற் கைத்தொலைபேசிப் பணம் இந்நாட்டில் அறிமுகமாயிற்று. அப்பணத்திற்கு ஈடான தொகை வங்கியொன்றின் பொறுப்புக் கணக்கில் இருத்தல் வேண்டும் என்பது விதி. 1884இன் படிப்பினை இதிற் புலப்படுகின்றது. இதனாற் பணம் அனுப்புதல் எளிதாயிற்று. எனினும், பணம் அனுப்பும் வசதி வேறு. கடன் பெறும் வாய்ப்பு வேறு. தோட்டத் தொழிலாளியும் கரையோர மீனவரும் நியாயமான வட்டியிற் கடன் பெறும் நிலை உருவாகாதவரை, கருவி புதிதாயினும் 1934இன் வினா பழையதாகவே நிற்கும். நிதித் தொழில்நுட்பத்தின் வளர்ச்சியை இவ்வளவுகோல் கொண்டே அளத்தல் தகும்.