யுனிவர்சல் ஸ்டூடியோஸ் போறீங்களா? ரூம் செந்தோசாவுக்குள்ளேயா, லிட்டில் இந்தியாவிலா? எது யாருக்கு செட் ஆகும்?

சிங்கப்பூருக்கு டிக்கெட் போட்டாச்சு. அடுத்து வீட்டில் கிளம்பும் முதல் பஞ்சாயத்து, ரூம் எங்கே போடுவது என்பதுதான். பார்க்கை ஒட்டிய ஹோட்டலில் தங்கினால் காலையில் எழுந்து நடந்தே போய்விடலாம் என்பார் ஒருவர். அந்த ஒரு நாள் வாடகையில் லிட்டில் இந்தியாவில் 2 நாள் தங்கலாமே என்பார் இன்னொருவர். ரெண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கு. கூட யார் வருகிறார்கள், பார்க்குக்கு எத்தனை நாள் என்பதைப் பொறுத்து விடை மாறும். சில வருடம் சேர்த்த பணத்தில் போகும் பயணம் என்றால், இந்த ஒரு முடிவிலேயே 40, 50 ஆயிரம் ரூபாய் வித்தியாசம் வரலாம்.

"பார்க் ஹோட்டல்லயே தங்குங்க" என்ற அட்வைஸ் எங்கிருந்து வந்தது?

தீம் பார்க் பயணம் பற்றி யார் பேசினாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். இது பெரும்பாலும் அமெரிக்காவின் ஆர்லாண்டோவை வைத்துச் சொல்லப்படுவது. அங்கே அதற்குக் காரணம் இருக்கிறது. வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்பது சுமார் 100 சதுர கிலோமீட்டர் இடம். அதற்குள் 4 தீம் பார்க்குகள். டிஸ்னியின் சொந்த ஹோட்டலில் தங்குபவர்களுக்குப் பார்க் திறப்பதற்கு அரை மணி நேரம் முன்பே அனுமதி உண்டு. கேட்க சின்ன விஷயம்தான். ஆனால், கூட்டம் வருவதற்குள் ஒன்றிரண்டு பெரிய ரைடுகளை முடித்துவிடலாம்.

ஆர்லாண்டோ யுனிவர்சல் இன்னும் ஒரு படி மேலே. அங்குள்ள போர்ட்டஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் ஆகிய 3 ஹோட்டல்களில் ரூம் எடுத்தால், அறையில் தங்கும் அனைவருக்கும் யுனிவர்சலின் 2 பழைய பார்க்குகளுக்கான எக்ஸ்பிரஸ் பாஸ் இலவசம். பெரும்பாலான ரைடுகளில் பொது வரிசையில் நிற்க வேண்டாம். தனியாக வாங்கினால் அந்த பாஸின் விலையே தலை சுற்றும். 4 பேர் கொண்ட குடும்பத்துக்கு, ரூம் வாடகையில் பெரும்பகுதி இதிலேயே கழிந்துவிடும். டோக்கியோ டிஸ்னியிலும் அவர்களது ஹோட்டலில் தங்குபவர்களுக்கு 15 நிமிடம் முன்னதாக நுழைவு உண்டு.

அதாவது, அங்கெல்லாம் ரூம் சாவியோடு வேறொன்றும் சேர்ந்து கிடைக்கிறது. அதற்குத்தான் அந்த விலை.

சிங்கப்பூரில் சாவியோடு என்ன கிடைக்கும்?

யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர் 2010-ல் திறக்கப்பட்டது. ரிசார்ட்ஸ் வேர்ல்ட் செந்தோசா என்ற பெரிய வளாகத்துக்குள் இருக்கிறது. அதே வளாகத்தில்தான் மைக்கேல், ஓரா, ஈக்குவேரியஸ் ஆகிய ஹோட்டல்களும் உள்ளன. ஆனால், ரூம் போட்டாலே எக்ஸ்பிரஸ் பாஸ் இலவசம் என்ற ஆர்லாண்டோ ஏற்பாடு இங்கே கிடையாது. பார்க் டிக்கெட் தனி, எக்ஸ்பிரஸ் தனி. டிக்கெட்டோடு சேர்த்து பேக்கேஜ் விற்பார்கள். அதில் என்னென்ன அடக்கம் என்று வரி வரியாகப் படிக்க வேண்டும்.

அப்போ கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது என்ன? பக்கத்தில் இருக்கும் வசதி. அவ்வளவுதான். அது சிலருக்கு ரொம்பப் பெரிய விஷயம், சிலருக்கு ஒன்றுமே இல்லை.

பார்க்கின் அளவையும் சொல்லிவிட வேண்டும். சுமார் 20 ஹெக்டேர், நம்ம கணக்கில் 49 ஏக்கர். ஆர்லாண்டோ மாதிரி 4, 5 நாள் சுற்றும் இடம் இல்லை. ஒரு நாளில் முடித்துவிடலாம். ஒரு நாள் பார்க்குக்காக 4 ராத்திரியும் அதன் வாசலிலேயே தங்குவது தேவையா என்பதுதான் கேள்வி.

லிட்டில் இந்தியாவிலிருந்து ஒரே ரயில்

தமிழ்நாட்டிலிருந்து போகும் குடும்பங்கள் அதிகம் தங்குவது செராங்கூன் ரோடு பக்கம். உள்ளூர் தமிழர்கள் அந்த ஏரியாவைத் தேக்கா என்பார்கள், டாலரை வெள்ளி என்பார்கள். போய் இறங்கியதும் காதில் விழும். 1947-லிருந்து இருக்கும் கோமளவிலாஸ் அங்கேதான். காலையில் இட்லி, ராத்திரி சப்பாத்தி என்று பழகிய வயிறு இருந்தால் இது சும்மா விஷயம் இல்லை.

இந்த ஏரியாவுக்கும் செந்தோசாவுக்கும் நேரடி ரயில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஊதா நிற நார்த் ஈஸ்ட் லைனில் லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் ஏறினால், தோபி காட், கிளார்க் கீ, சைனாடவுன், அவுட்ரம் பார்க், அடுத்து ஹார்பர்ஃபிரன்ட். வண்டி மாற வேண்டியதே இல்லை. கட்டணம் ஒருவருக்கு 2 வெள்ளிக்குள். எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் உண்டு.

ஹார்பர்ஃபிரன்டில் இறங்கினால் மேலே விவோசிட்டி மால். அதன் 3-வது தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் என்ற மோனோரயில். தீவுக்குள் போக ஒருவருக்கு 4 வெள்ளி. திரும்பி வர இலவசம், தீவுக்குள் சுற்றவும் இலவசம். முதல் ஸ்டேஷனே ரிசார்ட்ஸ் வேர்ல்ட்தான். அந்த 4 வெள்ளியும் வேண்டாம் என்றால் மாலை ஒட்டி கடல் மேல் போர்ட்வாக் இருக்கிறது. சுமார் 700 மீட்டர், பெரும்பகுதி கூரையுடன், நடுவில் விமான நிலையத்தில் இருப்பதுபோல நகரும் நடைபாதை. கட்டணம் இல்லை. போட்டோ எடுத்துக்கொண்டே நடந்தால் யுனிவர்சல் உருண்டை பக்கத்தில் போய் நிற்கலாம்.

ரூமிலிருந்து பார்க் வாசல் வரை மொத்தம் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் தாம்பரத்திலிருந்து தி.நகர் போவதை நினைத்தால் இதெல்லாம் ஒரு தூரமா என்று தோன்றும்.

பணக் கணக்கு

உதாரணத்துக்கு, பார்க் ஹோட்டல் ஒரு ராத்திரிக்கு 300 வெள்ளி, வெளியே 150 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். விலை நாளுக்கு நாள் மாறும், இது கணக்குப் புரிவதற்காக மட்டும்.

இங்கே ஒரு சூட்சுமம். சிங்கப்பூரில் விலைக்குப் பக்கத்தில் 2 பிளஸ் குறி போட்டிருந்தால், 10 சதவீத சர்வீஸ் சார்ஜ், அதற்கு மேல் 9 சதவீத ஜிஎஸ்டி இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். 300 என்பது 359.70 வெள்ளி ஆகிவிடும். 150 என்பது 179.85. சில தளங்களில் பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில்தான் முழுத் தொகை தெரியும்.

4 ராத்திரிக்கு வித்தியாசம் 719 வெள்ளி. ஒரு வெள்ளி 65 ரூபாய் என்று போட்டால்கூட சுமார் 47,000 ரூபாய். இன்னொரு பக்கம், வெளியே தங்கிய 4 பேர் குடும்பம் ஒரு நாள் பார்க்குக்குப் போய்வர ரயில், மோனோரயில் எல்லாம் சேர்த்து 32 வெள்ளிக்குள் முடிந்துவிடும். மிருகக்காட்சி சாலை, கார்டன்ஸ் பை தி பே, முஸ்தஃபா கடை எல்லாம் தீவுக்கு வெளியே இருப்பதால், செந்தோசாவில் தங்குபவர் மற்ற நாட்களில் எதிர்த்திசையில் அலைய வேண்டியிருக்கும். இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அப்போ வெளியேதான் நல்லதா? பாட்டி கூட வந்தால் அப்படி இல்லை

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்கணும். சிங்கப்பூர் வருடம் முழுக்கப் புழுக்கம்தான். மதியம் 1 மணிக்கு மேல் பார்க்கில் நடக்கும்போது 4 வயதுக் குழந்தை தூக்கத்துக்கு அழும். முட்டி வலி உள்ள பாட்டி எங்கேயாவது உட்கார இடம் தேடுவார். மதியத்துக்கு மேல் இடி மழை வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். லிட்டில் இந்தியாவில் ரூம் இருந்தால் அந்த நேரத்தில் போய்ப் படுத்துவிட்டு வர முடியாது. போக, வர ஒன்றரை மணி நேரம். யாரோ ஒருவர் பாட்டியோடு பெஞ்சில் உட்கார வேண்டும். அது பெரும்பாலும் அம்மாவாகத்தான் இருக்கும். அவருக்கும் சேர்த்து 80 வெள்ளிக்கு மேல் டிக்கெட் எடுத்திருப்பீர்கள்.

ரூம் 10 நிமிட நடையில் இருந்தால் கதையே வேறு. சாப்பிட்டு, ஏசியில் 2 மணி நேரம் தூங்கி, 4 மணிக்கு மறுபடி உள்ளே வரலாம். வெளியே போகும் முன் மறுநுழைவுக்கு என்ன செய்யணும் என்று வாசலில் கேட்டுவிட்டுப் போங்கள்.

சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள் உள்ள குடும்பங்களுக்குப் பார்க் ஹோட்டல் ஆடம்பரம் இல்லை. அதே வளாகத்தில் உள்ள அட்வென்ச்சர் கோவ் வாட்டர் பார்க், 2025 ஜூலையில் பெரிதாக்கித் திறக்கப்பட்ட சிங்கப்பூர் ஓஷனேரியம் என எல்லாவற்றையும் பார்க்கத் திட்டம் என்றாலும் உள்ளே தங்குவதில் அர்த்தம் இருக்கு. ஈரத் துணியோடு ரயில் ஏற வேண்டியதில்லை. காலேஜ் பசங்க, புதுசா கல்யாணமானவர்கள், 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு போகிறவர்கள் என்றால், அந்தப் பணத்துக்கு எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்குவது புத்திசாலித்தனம் என்பது நம்ம கருத்து.

நடுவில் ஒரு வழி: ஒரு ராத்திரி மட்டும்

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. 3 ராத்திரி லிட்டில் இந்தியா, ஒரே ஒரு ராத்திரி பார்க் ஹோட்டல். அந்த ஒன்று எந்த ராத்திரி என்பது முக்கியம். முந்தைய நாள் போய்ப் படுத்தால் காலை 11 மணி வாக்கில் காலி பண்ணச் சொல்வார்கள், மதியத் தூக்கத்துக்கு ரூம் இருக்காது. பார்க் போகும் அன்றைக்கே புக் பண்ணுங்கள். காலையில் டாக்சியில் பெட்டிகளோடு போய் ரிசப்ஷனில் ஒப்படைத்துவிட்டு நேராகப் பார்க்குக்குள் போகலாம். 3 மணி வாக்கில் சாவி கிடைக்கும். பாட்டியும் குட்டியும் ரூமுக்கு, மற்றவர்கள் ரைடுக்கு. மறுநாள் காலை ஓஷனேரியம் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். மேலே போட்ட அதே உதாரண விலையில் கூடுதல் செலவு சுமார் 180 வெள்ளி, அதாவது 12,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பெட்டி கட்டி அவிழ்க்கும் வேலை ஒருமுறை கூடும், அவ்வளவுதான்.

"செந்தோசா ஹோட்டல்" என்றாலே பார்க் பக்கம் இல்லை

புக்கிங் தளத்தில் செந்தோசா என்று தேடினால் தீவு முழுக்க உள்ள ஹோட்டல்கள் வரும். தீவே சுமார் 500 ஹெக்டேர். ரசா செந்தோசா மாதிரி ஹோட்டல் சிலோசோ கடற்கரையில் இருக்கிறது. அங்கிருந்து பார்க்குக்கு வண்டி பிடித்துத்தான் வர வேண்டும். வில்லேஜ் ஹோட்டல், இம்பியா மோனோரயில் ஸ்டேஷன் பக்கம். அங்கிருந்து ஒரு ஸ்டாப் மோனோரயிலில் இலவசமாக வந்துவிடலாம், அதனால் பரவாயில்லை. ரிசார்ட்ஸ் வேர்ல்டுக்கு உள்ளேயே கூட ஈக்குவேரியஸ் கொஞ்சம் தள்ளித்தான். பாட்டிக்காகப் பணம் கொடுத்து எடுத்துவிட்டு, அங்கேயும் நடக்க வைத்தால் அவர் திட்டுவார்.

பெங்களூரு வொண்டர்லாவுக்கும் இதே கணக்கா?

இல்லை, கிட்டத்தட்ட தலைகீழ். பிடதி பக்கம் உள்ள அந்த வளாகத்துக்குள்ளேயே ரிசார்ட் இருக்கிறது. மெஜஸ்டிக் பக்கம் ரூம் போட்டுவிட்டுப் போனால், பார்க் வாசலில் மெட்ரோ கிடையாது, சாயந்திரம் எல்லாரும் ஒரே நேரத்தில் மைசூரு ரோட்டில் நகருக்குள் திரும்புவார்கள். நனைந்து களைத்த பிள்ளைகளோடு அந்த டிராஃபிக்கில் உட்கார்ந்தவர்களுக்கு அருமை தெரியும். அங்கே உள்ளே தங்குவதற்கான காரணம் ரோடு.

புக் பண்ணும் முன் பார்க்க வேண்டியவை

லிட்டில் இந்தியா பட்ஜெட் ஹோட்டல்களில் ஜன்னலே இல்லாத ரூம்கள் நிறைய உண்டு. விவரத்தில் ஒரு மூலையில் எழுதியிருப்பார்கள். ஒரு ரூமில் எத்தனை பேர் என்பதிலும் கறாராக இருப்பார்கள். நம்ம ஊர் மாதிரி "ஒரு எக்ஸ்ட்ரா பாய் போடுங்க" கதை நடக்காது. பிள்ளைகளின் வயதைச் சரியாகப் போட்டுத் தேடுங்கள்.

சென்னையிலிருந்து ராத்திரி கிளம்பும் விமானத்தில் போனால் விடிகாலையில் இறங்குவீர்கள். சாவி மதியம் 3 மணிக்குத்தான். தூக்கமில்லாத அந்த முதல் நாளில் யுனிவர்சலை வைக்காதீர்கள். வார நாட்களில் பார்க் ஹோட்டல் வாடகை பொதுவாகக் குறைவு. சிங்கப்பூர் பள்ளிகளுக்கு மே கடைசியில் தொடங்கி ஜூன் முழுக்க லீவு. எனவே நம்ம கோடை விடுமுறையில் போகிறவர்கள் மே மாத முதல் பாதியில், மே தினத்தை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துப் போனால் கூட்டமும் குறையும்.

இந்தியர்களுக்கு சிங்கப்பூர் விசா கட்டாயம் என்பதால், அது கைக்கு வரும்வரை இலவசமாக ரத்து செய்யும் வசதியுள்ள ரூமாகவே எடுங்கள். ரத்து செய்யக் கடைசித் தேதி எது என்பதையும், அது சிங்கப்பூர் நேரப்படியா என்பதையும் பார்த்து மொபைலில் அலாரம் வைத்துவிடுங்கள். நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இங்கே ராத்திரி ஒன்பதரை ஆகும்போதே அங்கே மறுநாள் பிறந்துவிடும்.