இடையில் நின்ற கதை

மூன்று பாகங்களாக அமைந்த பெருங்கதையில் நடுப்பாகத்தின் நிலை சற்றுச் சங்கடமானது. தொடக்கத்தின் புதுமை அதற்கு இல்லை. முடிவின் நிறைவும் அதற்கு இல்லை. ஆயினும் கதையைத் தாங்கும் தூண் அதுவே. ஆங்கில ஆசிரியர் டோல்கீன் எழுதிய ‘மோதிரங்களின் தலைவன்’ என்னும் மாயக்கதை, 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. ஆசிரியர் அதனை ஒரே நூலாகவே எழுதியிருந்தார். போருக்குப் பிந்திய காகித விலையை எண்ணியே பதிப்பாளர் அதனைப் பகுத்தனர். பிற்காலத்தில் பீட்டர் ஜாக்சன் என்பார் நியூஸிலாந்தில் அக்கதையைப் படமாக்கி, 2001, 2002, 2003 என ஆண்டுக்கு ஒன்றாக வெளியிட்டார். 2002இல் வந்த நடுப்படமான ‘இரு கோபுரங்கள்’, முந்திய படத்தின் நினைவோடும் அடுத்த படத்தின் ஆவலோடும் பார்க்கப்பட்டது. முதற்படம் மக்களிடம் சென்று சேர்ந்தமையாலேயே நடுப்படத்திற்கு அவ்வாழ்வு கிட்டியது. முதற்படம் சென்று சேராதிருந்தால் என்ன நேரும்? அதற்கு விடை கூறும் சரித்திரம் ஒன்று நம் கேரளத்திலேயே உண்டு.

மலையாள உரைநடையின் பெருந்தச்சர் சி. வி. ராமன் பிள்ளை (1858–1922). அவர் மூன்று சரித்திர நாவல்களை இயற்றினார். முதலாவதாகிய ‘மார்த்தாண்ட வர்மா’ 1891இல் சென்னையில் அச்சாகி வெளிவந்தது. நடுநூலாகிய ‘தர்மராஜா’ வெளிவர 1913ஆம் ஆண்டு ஆயிற்று. இடையே கழிந்தவை 22 ஆண்டுகள். அதன்பின் சில ஆண்டுகளிலேயே மூன்றாவது நூலாகிய ‘ராமராஜபகதூர்’ வெளிவந்தது. மாறுவேடங்கள், தப்பியோடும் இளவரசன், பித்தன்போல் திரியும் வீரன், சதி செய்யும் இரட்டைத் துறவிகள் எனச் சரித்திரமும் சாகசமும் இந்நூல்களில் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன.

முதல் நாவலின் களத்தில் ஒரு பகுதி இன்று தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனையும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூர்ப் பகுதியாகவே இருந்தன. அந்நாவலைப் படமாக்கத் துணிந்தவரும் நாகர்கோவில்காரரே. அவர் பெயர் ஆர். சுந்தர்ராஜ். மலையாளத்தின் முதற் பேசாப்படமாகிய ‘விகதகுமார’னைத் தயாரித்த ஜே. சி. டேனியலுக்கு அவர் உறவினர். பி. வி. ராவ் என்பாரை இயக்குநராகக் கொண்டு எடுக்கப்பெற்ற ‘மார்த்தாண்ட வர்மா’, 1933இல் திருவனந்தபுரத்துக் காப்பிட்டல் கொட்டகையில் திரையிடப்பட்டது. 1931லேயே பம்பாயிலும் சென்னையிலும் பேசும்படம் வந்துவிட்டது. ஆகவே, பேசாப்படத்தின் அந்திப்பொழுதில் பிறந்த படம் இது. காட்சிகளுக்கிடையே மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்கள் தோன்றிக் கதையை விளக்கின.

ஆனால் நாவலை அச்சிடும் உரிமை கமலாலயா புத்தக நிலையத்தாரிடம் இருந்தது. தங்கள் அனுமதியின்றி நாவல் படமாக்கப்பட்டது என்று அவர்கள் வழக்குத் தொடுத்தனர். தீர்ப்பு அவர்கள் பக்கமே ஆயிற்று. படம் கொட்டகையினின்று அகற்றப்பட்டது. மலையாளப் படவுலகில் எழுந்த முதற் பதிப்புரிமை வழக்கு இதுவே என்பர். சுந்தர்ராஜ் பெரும் பொருளிழப்புக்கு ஆளானார். முதற்படமே மக்களைச் சென்று சேராதபோது ‘தர்மராஜா’வைப் படமாக்கும் எண்ணம் எவருக்கு எழும்? ஆண்டுகள் சில கழிந்து, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த ‘பாலன்’ 1938இல் வெளிவந்தபோதுதான் மலையாளத் திரை பேசத் தொடங்கிற்று.

இவ்வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று கேட்பின், சட்டம் புத்தக நிலையத்தார் பக்கமே. ஆசிரியர் தம் உழைப்பால் ஈட்டிய உரிமையைப் பிறர் கேளாமல் எடுத்தாளலாகாது. ஆயினும் விதியின் விளையாட்டைப் பாருங்கள். படத்தை முடக்கிய அவ்வழக்கே படத்தைக் காத்தும் கொடுத்தது. அந்நாளில் ஓடிய பேசாப்படங்கள் ஊரூராகச் சுற்றித் தேய்ந்து அழிந்தன. டேனியலின் ‘விகதகுமார’னும் இன்று நமக்குக் காணக் கிடைக்கவில்லை. ‘மார்த்தாண்ட வர்மா’வோ புத்தக நிலையத்தில் அடைபட்டுக் கிடந்தது. 1974இல் புனே தேசியத் திரைப்படக் காப்பகம் அதனைப் பெற்றுப் பாதுகாத்தது. தென்னாட்டுப் பேசாப்படங்களுள் தப்பிப் பிழைத்த மிகச் சிலவற்றுள் அது ஒன்றாக இன்று நிற்கிறது. ஓடியிருந்தால் ஒருவேளை அதுவும் அழிந்திருக்கும்.

கொச்சியில் வாழும் தமிழருக்கு இக்கதையோடு வேறொரு தொடர்பும் உண்டு. இம்மூன்று நாவல்களின் சரித்திரம் கொச்சியின் வாயிலைத் தொட்டுச் செல்வது. மார்த்தாண்ட வர்ம மகாராஜா 1741இல் குளச்சலில் முறியடித்தது, கொச்சிக் கோட்டையிலிருந்து ஆதிக்கம் செலுத்திய டச்சுக் கம்பெனியின் படையையே. மட்டாஞ்சேரியில் போர்த்துகீசியர் கட்டிய அரண்மனையை 1663இல் பழுது பார்த்தவர்களும் இந்த டச்சுக்காரரே. அதனாலேயே அதற்கு டச்சு அரண்மனை என்னும் பெயர் நிலைத்தது. குளச்சலில் சரணடைந்த டிலனாய் என்னும் கம்பெனிப் படைத்தலைவர், பின்னர்த் திருவிதாங்கூரின் படைத்தலைவரானார். தர்மராஜா என்று போற்றப்பட்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மாவின் காலத்தில் (1758–1798), கொடுங்கல்லூர்க் கடலோரத்திலிருந்து ஆனைமலை அடிவாரம் வரை நெடுங்கோட்டை எழுந்ததும் அவருடைய கைவண்ணமே. 1789 டிசம்பரில் திப்பு சுல்தான் மோதியது அக்கோட்டையின் மீதுதான். அப்படையெடுப்பே மூன்றாம் நாவலின் பொருள்.

ஆக, முதல் நாவலில் ஒரு நாடு பிழைத்து எழுகிறது. மூன்றாம் நாவலில் அந்நாடு பெரும் படையொன்றை எதிர்த்து நிற்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே நாட்டுக்குள் மறைந்திருந்த பழம்பகை மீண்டும் தலைதூக்குவதையும், எளிய கணக்குப்பிள்ளையாகத் தொடங்கிய கேசவன் என்னும் இளைஞன் அதனை எதிர்த்து உயர்வதையும் கூறுவது ‘தர்மராஜா’. அவ்விளைஞரே பின்னாளில் ராஜா கேசவதாஸ் எனப் புகழ்பெற்ற திவான். நடுநூலைப் படியாதார்க்கு நெடுங்கோட்டையில் நின்றவர்கள் எவ்வாறு அங்கே வந்து நின்றனர் என்பது விளங்காது.

விடுமுறை நாளொன்றில் எர்ணாகுளத்திலிருந்து வைப்பின் தீவின் வடகோடியாகிய பள்ளிப்புறம் வரை சென்று வாருங்கள். போர்த்துகீசியர் கட்டிய சிறு கோட்டையொன்று அங்கே இன்றும் நிற்கிறது. 1789இல் டச்சுக்காரரிடமிருந்து திருவிதாங்கூர் விலைக்கு வாங்கிய கோட்டை அது. திப்புவின் சினத்தைத் தூண்டியவற்றுள் அவ்விற்பனையும் ஒன்று. அதன் நிழலில் அமர்ந்து ‘தர்மராஜா’வைப் புரட்டிப் பார்க்கலாம். மலையாள எழுத்தறியாதோர் அறிந்த அண்டைவீட்டாரைக் கொண்டு படிப்பித்துக் கேட்கலாம். நாகர்கோவில்காரர் ஒருவர் தொட்டு இடையில் நின்றுபோன கதையை, அவ்வகையிலேனும் நாம் தொடர்ந்து செல்லக் கூடும்.